பகல் கஞ்சி

பிப்ரவரி 26, புதன்

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அடித்துக்கொண்டும் ஆயிற்று.

சென்னை நல்லகம் அறக்கட்டளையிலிருந்து கடிதம். எங்கள் தைக்கா மருந்தகத்துக்கு அடுத்த இரண்டு வருடமும் உதவி தொடர வேண்டுமானால், பதிவு செய்த 240 சர்க்கரை நோயாளிகளில் 200 பேருக்காவது மூன்றாவது பரிசோதனை மார்ச் 22க்குள் முடிந்திருக்க வேண்டுமாம். இதுவரை முடிந்தது 23. சரி, இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் கிடக்கிறதே, ஓட்டிவிடலாம் என்று காலண்டரைப் புரட்டினால், மார்ச் 2 ரமலான்.

இந்தத் தேதியைக் கொடுத்தது யார்? நான்தான். போன ஜூனில் விண்ணப்பம் நிரப்பும்போது 'மூன்றாவது பரிசோதனை: மார்ச்' என்று என் கையாலேயே எழுதினேன். கோயில், சர்ச், பள்ளிவாசல் நடத்துகிற மருந்தகங்களுக்கு உதவுகிறவர்கள் அவர்கள். ஒரு முஸ்லிம் பொம்பளையே எழுதித் தந்த தேதியை எதற்குச் சந்தேகப்படப் போகிறார்கள்? நோன்பு வருடத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர் வேறு நான். வெட்கக்கேடு.

நோன்பு மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு சொட்டு ரத்தம் வாங்க முடியாது. விரலில் ஊசி குத்தினால் நோன்பு முறிந்துவிடும் என்று ஊரே நம்புகிறது.

உதவி நின்றால் இன்சுலின் இல்லை, நர்ஸ் கிரேஸ்லினுக்கு வேலை இல்லை. மைதீன் பாத்து நினைவு வருகிறது. பீடி சுற்றுகிறவள். போன வருடம் கால் கட்டைவிரல் கறுத்துப்போய் வந்தாள். ஆறு மாதம் ஊசியும் கட்டுமாகப் போராடி அந்த விரலைக் காப்பாற்றினோம். அவள் காசு கொடுத்து இன்சுலின் வாங்கப் போவதில்லை. சும்மா இருந்துவிடுவாள்.

மார்ச் 1, சனி

மூன்று நாளாக வீடு வீடாக ஓடியதில் 71 ஆகியிருக்கிறது. கிரேஸ்லினுக்குக் காலில் கொப்புளம்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிறை தெரிந்தது. நாளை முதல் நோன்பு. இன்சுலின் போடுகிற பதினாலு பேரையும் சாயங்காலம் தைக்காவின் முன்கூடத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். பெண்கள் தொழுகிற இடம் அது. பொய் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. "ஊசி போடுதவங்க நோன்பு வைக்கக் கூடாது. ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சோறு, அவ்வளவுதான் கடமை. புரிஞ்சுதா?" என்றேன். பதினாலு தலையும் ஆடின.

நானும் ஊசி போடுகிறவள்தான். என் சீட்டிலும் டாக்டர் 'நோன்பு கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். போன வருடமும் எழுதினார். அவர் கடமை எழுதுவது.

விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு ரொட்டியும் முட்டையும் போதும். ஊசி பாதி அளவு.

மார்ச் 3, திங்கள்

காலை பத்திலிருந்து ஒன்றரை வரை நானும் கிரேஸ்லினும் மருந்து வைக்கிற பிரிட்ஜும். நான்காவதாக ஓர் உயிர் வரவில்லை.

கடைசியில் செய்தூன் மாமி வந்தார், தொழுவதற்கு. எழுபது வயது, எங்கள் தெருவின் சுப்ரீம் கோர்ட். "மாமி, ஒரு நிமிஷம் விரலைக் குடுங்க" என்றேன். கையைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"ரத்தம் வந்தா நோன்பு போயிரும்லா? ஒனக்குத் தெரியாதா தௌலத்து? நீ படிச்ச லெச்சணம் இதானா?"

வெறும் வயிற்றில் எடுத்தால் நல்லது என்கிற டெஸ்ட். ஊரே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தி விரல் நீட்ட மாட்டேன் என்கிறாள். இதை எங்கே போய்ச் சொல்ல?

மார்ச் 5, புதன்

நோன்பு திறந்த பிறகு வரச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு நாளில் நாலு பேர். நோன்பு திறந்து, கஞ்சிப் பாத்திரம் கழுவி, தராவீஹ் தொழுது, மிச்ச பீடியையும் சுற்றி முடிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

அறக்கட்டளையின் வசுமதி அம்மாவுக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷி. ஆனால் பேச்சு முழுக்க எதிரில் காகிதத்தை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரியே இருக்கும்.

"மேடம், 24ஆம் தேதி குழு கூடுது. முப்பத்தேழு விண்ணப்பம் காத்துக்கிட்டிருக்கு. தேதி நீங்க குடுத்ததுதான். நான் என்ன சொல்லி மாத்துவேன்?"

"தப்பு என்னுதுதாம்மா. நான் மறுக்கல."

"19ஆம் தேதி நானே நேர்ல வரேன். அதுக்குள்ள எவ்வளவு முடியுதோ பாருங்க."

கிரேஸ்லின் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. எனக்காகவா என்று கேட்டேன். "இன்னைக்கு எங்க லெந்து நோன்பு ஆரம்பம் டீச்சர். நானும் ஒருபொழுதுதான்" என்றாள். நல்ல மருந்தகம் போ!

மார்ச் 6, வியாழன்

கொஞ்சம் தலைசுற்றல். வெயில் அதிகம்.

மார்ச் 7, வெள்ளி

நேற்றே பள்ளிவாசல் ஹஸ்ரத்தைப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "கிதாபுல தெளிவா இருக்கு டீச்சர். விரல்ல குத்துனா நோன்பு முறியாது. நாளைக்கு ஜும்ஆல சொல்லிருதேன்" என்றார். சொன்னார் என்றால் அப்படிச் சொன்னார்! மைக்கில், மூன்று தடவை, மேசையைத் தட்டி.

சாயங்கால அசர் தொழுகை நேரத்துக்குள் ஆண்கள் இருபத்திரண்டு பேர் வந்து வரிசையாக விரல் நீட்டினார்கள். 97. எனக்கு வாயெல்லாம் பல். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. எங்கள் பள்ளிவாசலில் பெண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போவதில்லை. மீதி இருப்பது அத்தனையும் பெண்கள்.

பக்கத்து வீட்டு நபீசாவிடம், "ஒன் மாப்பிள்ளை பள்ளிவாசல்லேருந்து வந்து ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன். "எங்க? வந்ததும் காத்தாடியைப் போட்டுட்டுப் படுத்தாச்சு" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

ஷார்ஜாவிலிருந்து மகன் பேசினான். பேரப்பிள்ளைக்குப் பல் விழுந்திருக்கிறதாம், போனில் ஓட்டையைக் காட்டினான். கடைசியில் மகன் கேட்டான். "உம்மா, நோன்பு வைக்கலதானே?"

"வைக்கலைப்பா."

நோன்பு வாயோடு பொய். யா அல்லாஹ், மன்னித்துக்கொள்.

அவனுக்கு எப்படிச் சொல்ல? தைக்காவுக்குள் கால் வைத்ததும் ஒவ்வொருத்தியும் "நோன்பா லாத்தா?" என்று கேட்கிறாள். 'இல்லை' என்ற மூன்றெழுத்து என் வாயில் வர மாட்டேன் என்கிறது. பதினோரு வயதிலிருந்து வைக்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்த வருடம்கூட, வெளியே வராமல் இத்தாவில் உட்கார்ந்துகொண்டு முப்பதும் வைத்தேன். இந்த மாதம் நான் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் நானாக இருக்க மாட்டேன். சரி, போதும். இதை எழுதி என்ன ஆகப் போகிறது.

மார்ச் 12, புதன்

மைதீன் பாத்து இன்சுலின் வாங்க வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னளா?"

"நீங்க சொன்னீங்கன்னு நோன்பு வைக்கல டீச்சர். உள் அறையில கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடுதேன். திருடி தின்ன மாதிரி இருக்கு. மாமியார் பேசுறதே இல்ல. நேத்து எங்க மதினி வந்து, ஒனக்கென்ன, ராணிலான்னு சொல்லிட்டுப் போறா."

"பேசுனா பேசட்டும். சலுகை குடுத்தது அல்லாஹ். ஒங்க மதினி அல்லாஹ்வைவிடப் பெரிய ஆளா? இதுல என்ன அவமானம்?"

நன்றாகத்தான் சொன்னேன். அவள் முகம் தெளிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகு மருந்துப் பெட்டியை பிரிட்ஜுக்குள் வைக்கும்போது என் கை நடுங்கியது. கிரேஸ்லின் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன பார்க்க? கதவை மூடு, குளிர் போகுது" என்று எரிந்து விழுந்தேன். பாவம்.

மார்ச் 14, வெள்ளி

வீடு வீடாக இரண்டாவது சுற்று. எல்லா வாசலிலும் முறம், இலை, தூள், கத்தரி. பீடி சுற்றுகிற கை நிற்காமலேயே பதில் வருகிறது.

"ஹஸ்ரத் ஆம்பளைங்களுக்குச் சொன்னாங்களா இருக்கும்."

"இடது சுண்டுவிரல்னா யோசிக்கலாம். அதுவும் பெருநாள் கழிச்சு."

"குத்துன எடத்துல தூள் பட்டு எரியும் டீச்சர். பண்டல் குறையும்."

மூன்றாவது தெருவில் ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைக் கேட்டாள். "நீங்க குத்திக்கிட்டீங்களா டீச்சர்?"

"என் முறை இன்னும் வரல" என்றேன்.

"அப்ப எங்க முறையும் வரல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

108.

மார்ச் 17, திங்கள்

112. நடக்காது.

கிரேஸ்லின் அட்டைகளை அடுக்கும்போது, "டீச்சர், ஒங்க அட்டையிலயும் மூணாவது கட்டம் காலியா இருக்கு. நீங்க ஒக்காந்தா அவங்களும் ஒக்காருவாங்க" என்றாள்.

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

மருந்து தீர்ந்துபோன அலமாரியைத் துடைத்தேன். பிறகு துடைத்ததையே மறுபடி துடைத்தேன். வேலை போனால் அவள் ஊருக்குப் போய் என்ன செய்வாள்? தம்பி படிப்பு அவள் சம்பளத்தில் ஓடுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு வழி தோன்றியது. ஹஸ்ரத்தின் மனைவி மார்க்கம் படித்து ஆலிமா பட்டம் வாங்கியவர். நாளை மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு தைக்காவில் பெண்களுக்கு இதை எடுத்துச் சொல்லிப் பயான் செய்யக் கேட்டேன். ஒத்துக்கொண்டார். வசுமதி அம்மாவும் நாளைதான் வருகிறார். ரப்பே, நாளை ஒரு நாள் என்னை நிற்க வை.

மார்ச் 20, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. படுக்கையிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தைக்காவில் அறுபது எழுபது பெண்கள். வசுமதி அம்மா பின்னால் சுவரோரம், தலையில் முந்தானை போட்டுக்கொண்டு. ஆலிமா பேசுவதற்கு முன்னால் நான் இரண்டு வார்த்தை சொல்ல மைக்கை வாங்கினேன். "கண்ணுகளா, ஒடம்பு அல்லாஹ் நம்மகிட்ட ஒப்படைச்ச அமானிதம்" என்று தொடங்கியது நினைவிருக்கிறது. வேர்த்துக் கொட்டியது. எதிரில் இருந்த முகமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

கண் விழித்தபோது என் தலை வசுமதி அம்மா மடியில். கிரேஸ்லின் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "சர்க்கரை நாப்பத்தாறு! டீச்சருக்கு நாப்பத்தாறு!" என்று கத்துகிறாள். யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நிலையிலும் மூடிக்கொண்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். கிரேஸ்லின் என் தாடையைப் பிடித்து, "குடிங்க டீச்சர், செத்துருவீங்க!" என்று அழுதாள். குடித்தேன். அறுபது பேர் பார்க்க, பட்டப்பகலில், மடக் மடக்கென்று குடித்தேன்.

பிறகு மைதீன் பாத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னையச் சாப்பிடச் சொல்லிட்டு நீங்க நோன்பு வச்சீங்களா டீச்சர்?"

எழுந்து உட்காரப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"நான் கதவைச் சாத்திக்கிட்டு அழுதுக்கிட்டே தின்னேனே. அதுல என்ன அவமானம்னு கேட்டீங்களே. அவமானம் இல்லாட்டா நீங்க ஏன் தின்னல?"

"எனக்கும் அவமானமாத்தான் இருந்துச்சு பாத்து" என்றேன். இந்த வயதில், அத்தனை பேர் முன்னால், ஓவென்று அழுதேன்.

அவள் என்னை முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.

ஆலிமா மைக்கை எடுத்தார். பெரிய பயான் எல்லாம் செய்யவில்லை. "எல்லாரும் பாத்தீங்கள்லா? டீச்சர் விரல்ல குத்துனாங்க, ரத்தம் வந்துச்சு. அதுல நோன்பு முறியல. தண்ணி குடிச்சாங்க பாருங்க, அதுலதான் முறிஞ்சுது. அந்தத் தண்ணியும் குடிக்காம இருந்திருந்தா இந்நேரம் நாம டீச்சரைக் கிடத்தி வச்சு யாசீன் ஓதிக்கிட்டு இருந்திருப்போம். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

செய்தூன் மாமி கைத்தடியை ஊன்றி எழுந்தார். நேரே கிரேஸ்லின் முன்னால் போய் உட்கார்ந்தார். துப்பட்டிக்குள்ளிருந்து கை வெளியே வந்தது.

"குத்து. எனக்கு எவ்வளவுன்னு பாரு. எனக்கும் ரெண்டு நாளா கிறுகிறுன்னுதான் வருது."

அதற்குப் பிறகு வரிசை வாசல் தாண்டிப் போனதாம். நான் பாயில் கிடந்தபடி செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று மட்டும் 41. என்னையும் சேர்த்து. இன்று 33. மொத்தம் 186.

மகனுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் திட்டினான். நிம்மதியாக இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

205! அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். கிரேஸ்லின் பரிசோதனை அட்டைக் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள். லெந்து நாளில் ஆடலாமா என்று கேட்டேன். "இதுக்கு ஆடலாம் டீச்சர்."

ஆனால் எழுத வேண்டியது இது இல்லை. சாயங்காலம் நபீசா வந்தாள், இன்சுலின் போடுகிறவள்தான். கதவைத் தாழிட்டாள். "நானும் வச்சேன் லாத்தா. ஒன்பது நோன்பு." அவள் போனதும் இன்னொருத்தி. பிறகு இரண்டு பேர் சேர்ந்து. தலையாட்டிய பதினாலு பேரில் ஒன்பது பேர் ஒளித்து ஒளித்து நோன்பு வைத்திருக்கிறார்கள். நான் அவர்களிடம் மறைத்தேன், அவர்கள் என்னிடம் மறைத்தார்கள். ஒருத்தி வீட்டுக் குளியலறையில் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறாள். என்னிடம் சோப்பு வழுக்கிவிட்டது என்று சொன்னவள் அவள்.

திட்டவே வாய் வரவில்லை. எந்த வாயால் திட்ட?

மார்ச் 23, ஞாயிறு

நேற்றோடு 211.

அறிக்கை நிரப்பினேன். கடைசியில் ஒரு கட்டம்: 'திட்டத்தில் ஏற்பட்ட தவறுகள்'. போன தடவை 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தேன். இன்றும் அதையே எழுதிப் பார்த்தேன். வசுமதி அம்மா கண்ணால் பார்த்தவர், ஆனாலும் குழுவில் அவர் சொல்வது வேறு, என் கையெழுத்தில் போவது வேறு. உண்மையை எழுதினால் இருநூற்றுப் பதினொன்றும் வீணாகிவிடுமோ என்று பயம். அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதிவிட்டேன். 'நோன்பு வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னவர்கள் பதினைந்து பேர். மறைத்து வைத்தவர்கள் பத்துப் பேர். பத்தாவது ஆள் திட்டப் பொறுப்பாளராகிய நான். அவர்களைச் சாப்பிடச் சொன்னோம். சாப்பிட ஓர் இடம் தரவில்லை.'

அனுப்பியும் விட்டேன். அனுப்பியது முதல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். சர்க்கரை 131, அதனால் இது பயம்தான்.

மார்ச் 25, செவ்வாய்

காலை பதினொன்றுக்குப் போன். வசுமதி அம்மா குரலிலேயே தெரிந்துவிட்டது.

"ரெண்டு வருஷத்துக்கும் கிடைச்சிருக்கு மேடம். ஒரே நிபந்தனை, அடுத்த தடவை தேதியை நீங்க தனியா போடக் கூடாது."

"போடவே மாட்டேன்மா!"

"கடைசிக் கட்டத்தை வாசிச்சப்ப எனக்கே பயம்தான். குழுவுல ஒருத்தர் பெருமாள் கோயில் மருந்தகம் நடத்துறவர். அவர்தான் சொன்னார், வைகுண்ட ஏகாதசிக்கு எங்க ஊர்லயும் இதே கதை, நானும் அதுல ஒரு ஆள்னு. அப்புறம் எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

போனை வைத்துவிட்டுக் கிரேஸ்லினைக் கட்டிப்பிடித்தேன். மைதீன் பாத்துவுக்குச் சொல்லி அனுப்பினேன். "சரி, அப்ப நாளைக்கு மத்தியானம் கஞ்சிக்கு அரிசி நான் கொண்டாரேன்" என்று பதில் வந்தது. என்ன கஞ்சி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

தைக்காவின் பின்கட்டில் அடுப்பு எரிந்தது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு. ரமலானில்.

ஏற்பாடு செய்தது செய்தூன் மாமி. நோன்பு கூடாதவர்கள் இனி ஒளிந்து தின்ன வேண்டாம், இங்கே வந்து சேர்ந்து குடிக்கட்டும் என்று தெருவில் அறிவித்தாராம். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, யார் எதிர்த்துப் பேசுவது? மைதீன் பாத்துவின் மாமியாரே ஒரு கிண்ணம் துவையல் கொடுத்து அனுப்பியிருந்தார். பதினைந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். முதலில் யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செய்தூன் மாமி நோன்போடு, வியர்க்க வியர்க்கக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். முதல் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் குடித்தேன்.

"மாமி, உப்பு பத்தல."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் நோன்புலா" என்றார். "வருஷா வருஷம் ஊருக்கே கஞ்சி காச்சுறோம், உப்பு பாத்துச் சொல்ல ஒரு நாதி கிடையாது. இனிமே அது ஒன் வேலை. சாயங்காலம் பள்ளிவாசல் கஞ்சிக்கும் நீதான் வரணும். சொல்லு, இன்னும் எவ்வளவு போட?"

ஒரு கைப்பிடி என்றேன். போட்டுக் கலக்கி மறுபடி ஊற்றினார். இப்போது சரியாக இருந்தது. இன்னும் அரைக் கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.